எங்கள் புளோக்கைத் தாண்டி ரயில் வருமாம்: வீடு போய்விடுமா?

சிங்கப்பூரின் மேற்குக் கடற்கரை வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 52. பெரிய சாலையைப் பார்த்தபடி நாலாவது மாடியில் இருக்கும் நாலறை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில், 78 வயது அம்மாவுடன் வசிக்கிறார். இரண்டு தெரு தள்ளி அவருடைய தாய்மாமாவுக்கு ஒரு தரைவீடு இருக்கிறது. மாமா அதை இடித்து, நிலவறையோடு புதிதாகக் கட்ட நினைத்திருக்கிறார்.

ஜூரோங் வட்டார ரயில் பாதை தங்கள் பக்கம் நீளப்போகிறது என்ற செய்தி வந்ததிலிருந்து புளோக்கின் வாட்ஸ்அப் குழு இரண்டுபட்டுவிட்டது. பஸ் பிடித்து, கிளமெண்டியில் இறங்கி, ரயில் மாறி வேலைக்குப் போகிறவர்கள் எப்போது வரும் என்று கேட்கிறார்கள். சாலையைப் பார்த்த வீட்டுக்காரர்கள் வரவே கூடாது என்கிறார்கள். “இது புக்கிட் பாஞ்சாங் மாதிரி இலகு ரயில்” என்கிறார் ஒருவர். “நம்ம புளோக்கை இடிச்சுட்டுப் பாதி விலைதான் கொடுப்பாங்க” என்கிறார் இன்னொருவர். பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தளத்தில் பதாகை பிடித்து நிற்கவும் கூப்பிட்டிருக்கிறார். 1970களில் தன் அப்பாவின் கம்பத்து நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டதைப் பார்த்தவர் அம்மா. அவருக்கு இப்போது தூக்கமே இல்லை. வீடு போகுமா, நீதிமன்றம் போகலாமா, சத்தத்துக்கும் விரிசலுக்கும் யார் பொறுப்பு, பேசாமல் இப்போதே விற்றுவிடலாமா என்று வாசகி கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் அம்மாவுக்குப் பதில் சொல்கிறேன். அவருடைய பயம் வெறும் கற்பனை இல்லை. நிலம் எடுப்புச் சட்டம் 1966இல் வந்தது. பின்னர் அதில் ஓர் உச்சவரம்பு சேர்க்கப்பட்டது. எடுக்கும் நாளின் சந்தை விலை, 1973 நவம்பர் 30ஆம் தேதியின் சந்தை விலை, இரண்டில் எது குறைவோ அதுதான் இழப்பீடு. அதனால் 1970களின் கடைசியில் நிலம் பறிபோனவர்கள் சில வருடத்துக்கு முந்தைய விலையை வாங்கிக்கொண்டு அன்றைய விலையில் வேறு இடம் தேட வேண்டியிருந்தது. அந்தத் தேதி பிறகு 1986, 1992, 1995 என்று நகர்த்தப்பட்டது. 2007 பிப்ரவரி 12ஆம் தேதியிலிருந்து அந்த முறையே ஒழிந்துவிட்டது. இன்று நிலம் எடுக்கப்பட்டால், அரசிதழில் அறிவிப்பு வெளிவரும் நாளின் சந்தை விலைதான் கணக்கு. ‘பாதி விலை’ என்பது உங்கள் தாத்தா காலத்துச் சட்டம். இதை அம்மாவிடம் தேதியோடு சொல்லுங்கள். பொதுவாக ‘கவலைப்படாதே’ என்று சொல்வதைவிட, எந்தச் சட்டம் எந்த வருடம் மாறியது என்று சொன்னால் அவர் நம்புவார்.

அடுத்து, வருவது என்ன ரயில்? உங்கள் குழுவில் நடக்கும் குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஜூரோங் வட்டாரப் பாதை 2001இல் முதலில் அறிவிக்கப்பட்டபோது இலகு ரயிலாகத்தான் திட்டமிடப்பட்டது. அது கிடப்பில் போய், 2013இல் பெருவிரைவு ரயிலாகத் திரும்பி வந்தது. இப்போது கட்டப்படுவது 24 கிலோமீட்டர், 24 நிலையங்கள், முழுக்கத் தரைக்கு மேலே. மூன்று பெட்டி ரயில்கள் ஓடும். உங்கள் பக்கம் வரும் நீட்டிப்பு, பாண்டான் நீர்த்தேக்க நிலையத்திலிருந்து முதலில் குறுக்குத் தீவுப் பாதையின் வெஸ்ட் கோஸ்ட் நிலையத்துக்கும், பிறகு வட்டப் பாதையின் கெண்ட் ரிட்ஜுக்கும் போகும். நிலையங்களை இணைக்கும் திட்டம் வேறு, எந்தப் புளோக்கின் முன்னால் எந்தத் தூண் என்பது வேறு. தூண் எங்கே என்பது, மண் ஆய்வும் பொறியியல் வரைபடமும் முடிந்த பிறகு தீர்மானிக்கப்படுவது.

புக்கிட் பாஞ்சாங்கை உதாரணம் காட்டுகிறவர் ரயில் வகையில் தவறினாலும் ஒரு நல்ல விஷயத்தைத் தொட்டிருக்கிறார். 1999இல் திறந்த அந்தப் பாதை, கட்டி முடித்த நகரத்துக்குள் பின்னால் நுழைக்கப்பட்டது. சாலைகளின் வளைவுக்கும் ஏற்றத்துக்கும் ஏற்ப நெளிந்து போனதால் சக்கரம், தண்டவாளம், மின்வழங்கு பாகங்கள் எல்லாம் அதிகமாகத் தேய்ந்தன. அது பின்னால் வந்த யோசனையாகக் கட்டப்பட்டது என்று 2017இல் அப்போதைய போக்குவரத்து அமைச்சர் கோ பூன் வானே வெளிப்படையாகச் சொன்னார். அதைப் புதுப்பிக்க 2018இல் 344 மில்லியன் வெள்ளி ஒப்பந்தம் போடப்பட்டது. உங்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: வளைவு எங்கே விழுகிறது என்று கேளுங்கள். நேர்ப்பாதையில் ஓடும் ரயிலைவிட, இறுக்கமான வளைவில் திரும்பும் ரயில் அதிகம் கிறீச்சிடும்.

வீடு போகுமா?

உயரப் பாதைகளைக் கூடியவரை சாலையின் நடுப்பகுதியிலோ ஓரத்திலோ தூண் நட்டுக் கொண்டுபோவார்கள். அது ஏற்கெனவே அரசு நிலம். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வாழும் ஒரு வீவக புளோக்கை இடிப்பது மிகச் செலவான கடைசி வழி. அது நடந்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். வடக்கு தெற்கு விரைவுப் பாதைக்காக ரோச்சோர் சென்டரின் நான்கு வண்ண புளோக்குகள் எடுக்கப்படும் என்று 2011இல் அறிவித்தார்கள். அங்கிருந்தவர்களுக்குச் சந்தை விலையில் இழப்பீடும், காலாங்கில் புதிய 99 ஆண்டுக் குத்தகையோடு மாற்று வீடு வாங்கும் வாய்ப்பும் கிடைத்தன. பழகிய அண்டை வீட்டையும் சந்தையையும் விட்டுப் போன வருத்தத்தை எந்த இழப்பீடும் ஈடுகட்டாது. ஆனால் யாரும் தெருவில் விடப்படவில்லை.

ஒரு திருத்தம். “கார்ப்பேட்டையில் தூண் வைக்க எங்கள் சம்மதம் வேண்டும்” என்று உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது சரியல்ல. உங்கள் குத்தகை நான்கு சுவருக்குள் இருக்கும் வீட்டுக்கு மட்டும்தான். கார்ப்பேட்டையும் புல்வெளியும் உங்கள் சொத்தில் சேராதவை. கார்களுக்கு மாற்று நிறுத்துமிடம் எங்கே, கட்டுமானக் காலத்தில் முதியவர்கள் பஸ் நிறுத்தத்துக்கு எந்த வழியாக நடப்பார்கள் என்று கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு. மறுக்கும் உரிமை இல்லை.

மாமாவின் தரைவீடு

சட்டம் அதிகம் தொடுவது மாமாவைத்தான். முன்பக்கம் ஒரு துண்டு நிலம் எடுக்கப்படுவது தரைவீடுகளுக்கு நடக்கக்கூடியது. அப்படி வந்தால் வரிசை இப்படி இருக்கும். அரசிதழில் அறிவிப்பு வரும், கூடவே வீட்டுக்குக் கடிதமும் வரும். பிறகு சிங்கப்பூர் நில ஆணையத்திலிருந்து இழப்பீட்டுக் கோரிக்கையைச் சமர்ப்பிக்கச் சொல்லி இன்னொரு அறிவிப்பு வரும். பலரும் கோட்டை விடுவது இந்தக் கட்டத்தில்தான். ‘அவர்களே கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள்’ என்று ஒரு பக்கத்தில் ஒரு தொகையை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். உரிமம் பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையோடுதான் கோரிக்கை போக வேண்டும். எடுக்கப்படும் துண்டின் விலை அதில் ஒரு பகுதி மட்டுமே. நிலம் பிரிக்கப்படுவதால் மீதி நிலத்துக்கு வரும் நட்டம், மீதிச் சொத்துக்கு ஏற்படும் பாதிப்பு, இடம் மாற வேண்டியிருந்தால் அதற்கான நியாயமான செலவு ஆகியவற்றையும் சட்டம் கணக்கில் எடுக்கிறது. கேட், மதில், கார் நிறுத்தும் முகப்பு, வடிகால் எல்லாவற்றையும் அளந்து எழுதச் சொல்லுங்கள்.

தொகை போதாது என்றால், நில ஆணையத்தின் இழப்பீட்டுத் தீர்ப்பு கையில் கிடைத்த நாளிலிருந்து 28 நாளுக்குள் நில மேல்முறையீட்டு வாரியத்துக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். இழப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 5,000 வெள்ளி, எது குறைவோ அதை வைப்புத் தொகையாகக் கட்ட வேண்டும். வாரியத்தின் முடிவுக்கு மேல் மேல்முறையீட்டு நீதிமன்றம் போவது சட்டக் கேள்விகளுக்கு மட்டுமே. தொகை குறைவு என்பது அங்கே எடுபடாது. ஆகவே மதிப்பீட்டாளரைத் தேடுவதை 28ஆவது நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

நிலத்தை எடுப்பதையே நீதிமன்றத்தில் தடுக்க முடியுமா? ஏறக்குறைய முடியாது. பொதுத் தேவைக்காக நிலம் வேண்டும் என்ற அரசிதழ் அறிவிப்பே அதற்கு இறுதிச் சான்று என்று சட்டம் சொல்கிறது. தீய நோக்கம் இருந்தது என்று காட்டினால்தான் நீதிமன்றம் உள்ளே வரும். அதை நிரூபிப்பது மிகக் கடினம். வழக்குக்குச் சேர்க்கும் பணத்தை நல்ல மதிப்பீட்டாளருக்கும், தேவைப்பட்டால் கட்டமைப்புப் பொறியாளருக்கும் செலவிடச் சொல்வேன்.

நிலவறைத் திட்டம் தனிக் கணக்கு. நிலத்துக்குக் கீழே பாதாளம்வரை நமக்குச் சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். 2015இல் சட்டம் அதைத் தெளிவாக்கியது. பத்திரத்தில் ஆழம் குறிப்பிடாத நிலங்களில், சிங்கப்பூர் உயர அளவுக் குறியீட்டுக்கு 30 மீட்டர் கீழ்வரைதான் உரிமை. அந்தக் குறியீடு ஏறத்தாழ கடல்மட்டம். மாமாவின் வாசல் அதற்கு 10 மீட்டர் மேலே இருந்தால், தரையிலிருந்து 40 மீட்டர் ஆழம் அவருடையது. அதற்குக் கீழே சுரங்கம் போனால் எடுப்பும் இல்லை, இழப்பீடும் இல்லை. அதற்கு மேலே போனால், நிலத்தடியின் அந்த அடுக்கை மட்டும் தனியாக எடுப்பதற்கு வழி இருக்கிறது. இழப்பீடும் அதற்குரியதுதான்.

அதைவிட அவருக்கு நேராக உரசப்போவது ரயில் பாதுகாப்பு வட்டாரம். ரயில் கட்டமைப்பின் வெளி விளிம்பிலிருந்து 40 மீட்டருக்குள் அடித்தளத் தூண் இறக்கவோ, நிலவறை தோண்டவோ, மண் ஆய்வுக்குத் துளையிடவோ நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். தகுதிபெற்ற பொறியாளர் கணக்கீடுகளோடு விண்ணப்பிக்க வேண்டும். தோண்டும்போது நிலத்தடி நீர் இறங்கினால் மண் அமுங்கும். மண் அமுங்கினால் பக்கத்திலுள்ள ரயில் தூணின்மேல் கூடுதல் சுமை விழும். அதனால்தான் இவ்வளவு கெடுபிடி. மாமா ஒப்பந்தக்காரருக்கு முன்பணம் கொடுக்கும் முன், தன் கட்டடக் கலைஞரிடம் சாலைக்கு ஒதுக்கிய நிலத்தைக் காட்டும் சாலைக் கோட்டு வரைபடத்தையும் ரயில் பாதுகாப்பு வரைபடத்தையும் வாங்கிப் பார்க்கச் சொல்லட்டும். சில நூறு வெள்ளிக்குக் கூசி இதைத் தவிர்த்துவிட்டு, பாதி வரைபடத்தை மாற்றி வரைய நேர்ந்தால் செலவு பல மடங்காகும்.

சத்தமும் விரிசலும்

எதுவும் எடுக்கப்படாத வீட்டுக்கு, ‘காட்சி மறைந்தது, விலை குறைந்தது’ என்பதற்காக இழப்பீடு கிடையாது. உங்கள் வீட்டுக்கும் இதுதான் நிலை. உண்மையான சேதம் ஏற்பட்டால் மட்டும் கோர முடியும். அதற்குச் சான்று வேண்டும். அந்தச் சான்றை வேலை தொடங்கும் முன்பே தயார் செய்ய வேண்டும்.

பாதைக்குப் பக்கத்துக் கட்டடங்களில் கட்டுமானத்துக்கு முன், கட்டடம் இருக்கும் நிலையைப் பதிவுசெய்யும் ஆய்வு எடுப்பது வழக்கம். அளவையாளர் வந்தால் கதவைச் சாத்தாதீர்கள். ‘அவர்களை உள்ளே விட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும்’ என்று குழுவில் யாரோ எழுதியது தவறு. உள்ளே விடாவிட்டால், பிறகு வரும் விரிசல் முன்பே இருந்ததா இல்லையா என்று சொல்ல ஆதாரமே இருக்காது. அவர்கள் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நீங்களும் தனியாகப் படம் எடுங்கள்: ஒவ்வொரு சுவரும் முழுதாக ஒன்று, ஒவ்வொரு விரிசலுக்கும் பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல் வைத்து ஒன்று. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள். பூச்சில் தலைமுடி போல ஓடும் விரிசல்கள் பழைய வீவக வீடுகளில் சாதாரணம். ஜன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்பி மாதாமாதம் அகலமாவதும், திடீரென்று கதவு இறுகிப் பிடிப்பதும் கவனிக்க வேண்டியவை.

சேதம் கண்டால் தொலைபேசியில் சொல்லிவிட்டு இருந்துவிடாமல் எழுத்தில் கொடுங்கள். பெரிய பழுதுகளை, அருகிலுள்ள தோண்டல் முடிந்து மண் நிலைபெற்ற பிறகு சரிசெய்வதாகச் சொல்லக்கூடும். அதில் நியாயம் உண்டு, முன்பே பூசினால் மறுபடி பிளக்கும். ஆனால் ‘இத்தொகையே முழு இறுதித் தீர்வு’ என்ற தாளில் மட்டும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

கட்டுமானச் சத்தத்துக்கு வரம்பு உண்டு. 150 மீட்டருக்குள் வீடுகள் இருந்தால், திங்கள் முதல் சனி வரை காலை 7 முதல் இரவு 7 மணி வரை 12 மணி நேரச் சராசரி 75 டெசிபல், எந்த 5 நிமிடச் சராசரியும் 90 டெசிபல். இரவு 7 முதல் 10 வரை ஒரு மணி நேரச் சராசரி 65, 5 நிமிடச் சராசரி 70. இரவு 10க்குப் பிறகு 55. சனி இரவு 10 முதல் திங்கள் காலை 7 வரை வேலையே கூடாது, பாதுகாப்புக் காரணமாக நிறுத்த முடியாத வேலைகளுக்கு விலக்கு இருக்கலாம். இவை சராசரி அளவுகள் என்பதை மனத்தில் வையுங்கள். ஒரே ஒரு ‘டமார்’ காதைப் பிளந்தாலும் சராசரி மீறாமல் இருக்கலாம். கைபேசிச் செயலி காட்டும் எண்ணைவிட, எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை வரை, எந்த இயந்திரம் என்று நீங்கள் எழுதிவைக்கும் குறிப்பேடுதான் தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிக்கு உதவும்.

ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, தடுப்புச் சுவர் 5 முதல் 10 டெசிபல் வரை குறைக்கும். ரயிலை நேர்க்கோட்டில் மறைக்கும் இடத்தில்தான் அது நன்றாக வேலை செய்யும். உங்கள் நாலாவது மாடி பாதையின் உயரத்தை ஒட்டி இருந்தால் உங்களுக்குப் பலன் உண்டு. பன்னிரண்டாவது மாடிக்காரருக்குச் சுவருக்கு மேலாகத் தண்டவாளமே தெரியும், அவருக்குப் பலன் குறைவு. உங்கள் புளோக்குக்குள்ளேயே மேல்மாடியும் கீழ்மாடியும் வேறு வேறு கோரிக்கை வைக்க வேண்டியிருக்கும்.

கையெழுத்தும் பதாகையும்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் போகாதீர்கள், உங்கள் பக்கத்து வீட்டுக்காரரையும் தடுங்கள். பொது ஒழுங்குச் சட்டப்படி, ஒரு கோரிக்கைக்காகப் பொது இடத்தில் ஒரே ஒருவர் பதாகையோடு நின்றாலும் காவல்துறை அனுமதி வேண்டும். புளோக்கின் கீழ்த்தளம் நமக்கு வீடு மாதிரி, சட்டத்துக்குப் பொது இடம். ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனைக்குத் தனி விதிகள் உண்டு, அங்கும் ஏற்பாடு செய்பவர் குடிமகனாக இருந்து பதிவு செய்ய வேண்டும். புளோக்கை இடிக்கப்போகிறார்கள் என்ற உறுதியாகாத செய்தியையும் மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள்.

கையெழுத்து வாங்குவதில் சட்டச் சிக்கல் இல்லை. என் தயக்கம் அதன் வாசகத்தில் இருக்கிறது. ‘ரயில் வேண்டாம்’ என்ற ஒற்றை வரிக்கு ‘வேண்டும்’ என்கிற உங்கள் பாதி புளோக்கே பதில் சொல்லிவிடும். குறுக்குத் தீவுப் பாதை மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கை வனப்பகுதிக்கு அடியில் போகக் கூடாது என்று இயற்கை ஆர்வலர்கள் பல ஆண்டுகள் வாதாடினார்கள். 2019 டிசம்பரில் அரசாங்கம் வனத்துக்கு அடியில் போகும் நேர்வழியையே தேர்ந்தது. ஆனால் அந்த வாதத்தின் பலனாக, வனத்துக்குள் திட்டமிட்டிருந்த 72 ஆய்வுத் துளைகள் 16 ஆகக் குறைந்தன. சுரங்கமும் சுமார் 70 மீட்டர் ஆழத்துக்குப் போகிறது. 2023இல் 167ஆம் எண் பஸ் சேவையை நிறுத்துவதாக அறிவித்தபோது, பயணிகள் யார் யாருக்கு எந்த இடத்துக்கு அது வேண்டும் என்று எழுதினார்கள். இடைவெளி கூடினாலும் சேவை தொடர்ந்தது. குறிப்பாகக் கேட்டவர்களுக்குக் குறிப்பான பதில் கிடைத்தது.

உங்கள் மனுவில் நான் எழுதச் சொல்வது: ரயில்கள் தடம் மாறும் இணைப்பை வீடுகளிலிருந்து தள்ளி வையுங்கள், அந்த இடைவெளியில் சக்கரம் தட்டும் ஓசை அதிகம். திறப்பு நாளிலேயே தடுப்புச் சுவர் இருக்கட்டும். ஜன்னலுக்கு நேரே ரயில் போகும் இடத்தில் தனிமை காக்க என்ன ஏற்பாடு? புக்கிட் பாஞ்சாங் ரயிலின் கண்ணாடிகள் வீடுகளை நெருங்கும்போது தானாக மங்கும் என்பதை எடுத்துக்காட்டலாம். ரயில் வந்த பிறகு எந்த பஸ் சேவைகள் தொடரும் என்று சொல்லுங்கள். இதை மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சியில் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள், நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கும் அனுப்புங்கள். தடம் முடிவாவதற்கு முன் வரும் ஒரு பக்கக் கடிதம், தூண் எழும்பிய பிறகு வரும் ஆயிரம் கையெழுத்தைவிடப் பயன்படும்.

விற்கலாமா?

பயத்தில் விற்பதை நான் ஆதரிக்கவில்லை. செய்தி ஏற்கெனவே பொதுவில் இருக்கிறது, வாங்குபவரின் வழக்கறிஞர் ரயில் திட்டம் பற்றி ஆணையத்திடம் கேள்வி அனுப்பி விசாரிப்பது வழக்கமான நடைமுறை. ஆகவே மறைத்து விற்றுத் தப்பிக்க வழியில்லை, அது சரியுமில்லை. நிலையத்துக்கு நடந்து போகும் தூரம் விலையைத் தூக்கும். ஜன்னலுக்கு நேரே தண்டவாளம் விலையை இறக்கும். உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்பது தடம் வெளியான பிறகுதான் தெரியும். இன்னொன்று, 78 வயதில் அம்மாவைப் பழகிய மருந்தகமும் கோயில் பஸ்ஸும் இல்லாத இடத்துக்கு மாற்றுவதும் ஒரு செலவுதான்.

இந்த வாரம் மூன்று காரியம் செய்யுங்கள். சுவர்களைப் படம் எடுங்கள். மாமாவிடம் நிலவறை வரைபடத்தை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். அம்மாவோடு உட்கார்ந்து, தாத்தா நிலத்துக்கு எந்த வருடம் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அவர் வாயாலேயே சொல்லக் கேட்டுவிட்டு, 2007இல் என்ன மாறியது என்பதைச் சொல்லுங்கள்.